ஞாயிற்றுக்கிழமை நான் நடந்த தூரம்

நூல்கண்டு வழுக்கி விழுந்தேன் என்று சொன்னால் யாருக்கும் திருப்தி ஏற்படுவதில்லை. முப்பத்தைந்து வருடம் தையல் மெஷின் மிதித்தவள், விழுவதற்கு இன்னும் கொஞ்சம் கௌரவமான காரணம் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் நடந்தது அதுதான். கறுப்பு நூல்கண்டு, கட்டிலின் கறுப்பு நிழல், என் இடது கால். இடுப்பெலும்பு உடைந்த சத்தம் துணி கிழிகிற சத்தம் போலவே இருந்தது. விழுந்த பிறகும் ஒரு கணம், எந்தத் துணி போயிற்று என்றுதான் பார்த்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் காலை டாக்டர் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, என்னைப் பார்க்காமல் என் இடது காலைப் பார்த்துப் பேசினார்.

"கம்பி நல்லா உக்காந்திருக்கு. இனி எல்லாம் நடையிலதான் இருக்கு. வீடு எத்தனாவது மாடி?"

"மூணாவது."

"லிஃப்ட்?"

"இல்லைங்க. நாப்பத்திரெண்டு படி."

அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "அப்போ இன்னிக்கே ஆரம்பிக்கணும். படுத்தே கிடந்தா ரெண்டு வாரத்துல கால் நடையை மறந்துடும். அப்புறம் படி ஏத்தறது கஷ்டம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு வாரம் என்கிற சொல் கட்டிலுக்கு அடியில் ஒரு பூனைபோல் உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது மாடியில் என் மெஷின் இருந்தது, பாதி தைத்த பள்ளிக்கூடச் சட்டைகள் பதினெட்டு இருந்தன, என் மகள் இருந்தாள். நாற்பத்திரண்டு படிகளுக்கு மேல்தான் என் வாழ்க்கை முழுவதும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது என்பது, கீழே படுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மகள் பேருந்து நிலையத்தில் விசாரணை கவுன்டரில் வேலை பார்க்கிறாள். எட்டு மணி நேரம் பதில் சொல்லிவிட்டு வருகிறவள் என்பதால், வீட்டில் யார் என்ன கேட்டாலும் சுருக்கமாகத்தான் பேசுவாள். அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் வந்தபோதும் அப்படித்தான்.

"கூட வேலை பாக்கற அக்கா வீட்டுல கீழ் ரூம் காலியா இருக்காம். பேசிட்டேன். டிஸ்சார்ஜ் ஆனதும் ஒரு மாசம் அங்க இருக்கலாம். உனக்குக் கால் பழகினதும் மேல போலாம். வேற எதுவும் கேக்காதே."

நான் வேறு எதுவும் கேட்கவில்லை. இவளுக்கு இத்தனை பொறுப்பு எப்போது வந்தது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். எதிர்ச் சுவரில் பச்சை எழுத்தில் ஒரு பலகை: 'எழுந்திருங்கள். நடங்கள். இயக்கமே மருந்து.' கீழே, இயக்க ஊக்கக் குழு என்று போட்டிருந்தது. தலைமாட்டுச் சுவரில் சிவப்பு எழுத்தில் இன்னொன்று: 'எழாதீர்கள். மணியை அழுத்துங்கள். காத்திருங்கள்.' கீழே, வீழ்ச்சித் தடுப்புக் குழு. படுத்திருந்தால் முதலாவது தெரியும். கழுத்தைத் திருப்பினால் இரண்டாவது தெரியும். இரண்டு குழுக்களுக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டுக்கும் தலைவர் ஒருவரே.

பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் இரண்டு குழுக்களும் கடமையில் குறை வைக்கவில்லை. வீழ்ச்சித் தடுப்புக் குழு என் முதுகுக்கு அடியில் மெல்லிய பாய் ஒன்றை விரித்தது. என் எடை அதைவிட்டு விலகினால் அது அலறும். வார்டுக் கதவில் 'விழாமல் கடந்த நாட்கள்: 211' என்று ஓர் அட்டை தொங்கியது. மறுநாள் 212 ஆயிற்று. யாரும் நிற்காத இடத்தில் யாரும் விழாமல் இருப்பதில் என்ன பெருமை என்று பக்கத்துக் கட்டிலில் இருந்த கணக்கு டீச்சர் கேட்டாள். அவளுக்கு முழங்கால். முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய அம்மாள். எதைப் பார்த்தாலும் ஓரத்தில் சிவப்பு மையால் ஏதாவது எழுதத் தோன்றும் அவளுக்கு.

மூன்றாம் நாள் பிசியோ வந்தாள். மூன்று தளத்துக்கும் அவள் ஒருத்திதான். பாயின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, என் கையில் வாக்கரைக் கொடுத்து, "மெதுவா, அவசரமே இல்லை" என்று தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான்கு அடி போனேன். நான்கு அடி திரும்பினேன். நெற்றி வியர்த்து, தொடை நடுங்கி, கண்ணில் நீர் வந்தது. வலியால் மட்டும் அல்ல. தரை என்னை ஏற்றுக்கொண்டது என்று ஓர் எண்ணம்.

"சூப்பர்மா. நாளைலேருந்து தினம் வரேன். பத்து அடி, இருபது அடி, அப்புறம் படி சொல்லித் தரேன்."

நான்காம் நாள் இயக்க ஊக்க அலுவலர் வந்தார். வெள்ளை வெளேரென்ற ஓட்டக் காலணி அணிந்திருந்தார். நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, எங்கள் பன்னிரண்டு பேருக்கும் இயக்கத்தின் அவசியத்தை விளக்கினார்.

"உக்காந்தே இருக்கறதுதான் இந்தக் காலத்தோட பெரிய நோய்" என்று ஐம்பது நிமிடம் உட்கார்ந்தபடி சொன்னார். பிறகு ஒவ்வொருவர் கணுக்காலிலும் ஒரு பட்டையைக் கட்டினார். கறுப்பு ரப்பர், நடுவில் சின்னக் கருவி. நாம் நடக்கும் ஒவ்வோர் அடியையும் அது எண்ணி அலுவலகத்துக்கு அனுப்பும். வீட்டாரின் போனுக்கும் அனுப்பும்.

விதிகளையும் சொன்னார். யாருடைய எண்ணிக்கை குறைவோ அவர்களிடம் பிசியோ முதலில் போக வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து பூஜ்யம் என்றால் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று சிவப்பில் பதிவாகும். ஒரு வாரம் சிவப்பிலேயே இருந்தால் வீட்டுக்கு அல்ல, நெடுநாள் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பப்படுவார். பூஜ்யக் கட்டிலுக்குப் பொறுப்பான ஆயா, கீழ்த்தளத்தில் நான்கு மணி நேரம் ஊக்கமளிக்கும் பயிற்சிக்குப் போக வேண்டும்.

"நடக்கறதுக்கு மணி அடிக்கணும்ல?" என்று டீச்சர் கேட்டாள்.

"கண்டிப்பா. தனியா எழக் கூடாது."

"மணி அடிச்சா யார் வருவா?"

"ஆயா வருவாங்க."

"ஆயா பயிற்சிக்குப் போயிருந்தா?"

அலுவலர் தன் கோப்பில் எதையோ குறித்துக்கொண்டார். "நல்ல கேள்வி. இது மாதிரி கேள்விகளை நாங்க வரவேற்கிறோம்" என்று எழுந்தார்.

எங்கள் ஆயாவைப் பம்பரம் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவளுக்கு வேறு பெயர் இருந்திருக்கும்; கேட்பதற்கு அவள் நின்றால்தானே. நாற்பது வயது இருக்கும், ஒல்லி, குதிகால் தரையில் படாமல் நடப்பாள். பன்னிரண்டு கட்டிலுக்கும் ஒருத்தி. படுக்கைத் தட்டு, வெந்நீர், உறை மாற்றுவது, ரத்தக் குப்பியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் அவள். அவளை நடக்க வைக்க வேண்டிய அவசியம் எந்தக் குழுவுக்கும் ஏற்பட்டதில்லை.

பட்டை கட்டிய மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, டீ கொடுக்கும்போது அவள் என் போர்வையை விலக்கினாள்.

"தையலம்மா, காலை நீட்டுங்க."

என் பட்டையைக் கழற்றித் தன் காலில், உடுப்புக்கு உள்ளே கட்டிக்கொண்டாள். அங்கே ஏற்கெனவே ஐந்து பட்டைகள் இருந்தன. மற்றக் காலில் ஆறு.

"என்னம்மா பண்றே?"

"நடக்கப் போறேன். எப்பவும் நடக்கறதுதான். இன்னிக்கு உங்க பேர்ல."

"இது தப்பில்லையா?"

"தப்புதான். நான் கீழ போயி நாலு மணி நேரம் பயிற்சியில உக்காந்தா, இங்க உங்களுக்குத் தட்டு வைக்க யாரு? அந்த அலுவலரா?" என்று சொல்லிக்கொண்டே ஏழாம் கட்டிலுக்குப் போய்விட்டாள். "சாயங்காலம் கட்டி விட்டுடறேன்" என்று அங்கிருந்து குரல் வந்தது.

நான் அலுவலரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. சிவப்பில் விழ மாட்டேன், இல்லத்துக்குப் போக மாட்டேன் என்ற நிம்மதி முதலில். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. நான் ஆயிரக்கணக்கில் சட்டைகள் தைத்திருக்கிறேன். எல்லாவற்றின் கழுத்திலும் கடைக்காரர் பெயரைத்தான் என் கையாலேயே வைத்துத் தைத்தேன். முதல் தடவையாக இன்னொருத்தி செய்கிற வேலையில் என் பெயர் ஒட்டப்பட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது.

பிசியோ அன்று வரவில்லை. எங்கள் எண்ணிக்கை மற்ற வார்டுகளைவிட அதிகம். குறைவானவர்களிடம்தான் முதலில் போக வேண்டும் என்பது விதி. நியாயமான விதிதான்.

சனிக்கிழமை அலுவலர் ஒரு தாளை வாசலில் ஒட்டிவிட்டுப் போனார். டீச்சர் தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டிலிலிருந்தே படித்தாள்.

"தையலம்மா, பன்னிரண்டு பேரும் ஒன்பதாயிரத்து நானூத்தி ஆறு. ஒருத்தருக்கும் கூடக் குறைய இல்லை. ஏழாம் கட்டிலுக்கு ரெண்டு கால்லயும் மாவுக்கட்டு. அதுவும் ஒன்பதாயிரத்து நானூத்தி ஆறு."

"மாட்டிப்பாளா?"

"பன்னிரண்டு பேப்பர்ல ஒரே விடை இருந்தா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். இவங்களுக்கும் தெரியணுமே."

அவர்களுக்கு வேறு அர்த்தம் தெரிந்தது. மாலையில் அலுவலர் நெகிழ்ந்துபோய் வந்தார். இருபது வருட அனுபவத்தில் இப்படி ஓர் ஒற்றுமையைக் கண்டதில்லை என்றார். பலவீனமானவர்களுக்காக மற்றவர்கள் வேகத்தைக் குறைத்து, எல்லோரும் ஒரே எண்ணில் வந்து நின்றிருக்கிறார்கள். இதைக் கட்டுரையாக எழுதப்போவதாகச் சொன்னார். ஏழாம் கட்டிலுக்குத் தனியாக ஒரு பூங்கொத்து வந்தது. ஏழாம் கட்டில் அதை வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தாள்.

தவறு நடந்தது அதற்குப் பிறகுதான். சனிக்கிழமை மாலை பம்பரம் பதினொரு பட்டைகளைக் கழற்றி அந்தந்தக் கால்களில் கட்டிவிட்டாள். என்னுடையதை மறந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. திங்கட்கிழமை காலை ஓடி வந்து என் கட்டில் பக்கத்தில் குனிந்தாள்.

"மன்னிச்சுக்குங்க தையலம்மா. உங்களை ரொம்ப அலைய விட்டுட்டேன்."

"எங்கெல்லாம் போனேன்?"

"குழாயடிக்கு ஆறு நடை. எங்க தெருவுல தண்ணி வரல, ரெண்டு தெரு தள்ளிப் போகணும். அப்புறம் சந்தை. அப்புறம் எங்க அத்தைக்கு முடியலன்னு அங்க போனேன். பஸ்ஸு வரல, நடந்துட்டோம்."

"உன் அத்தைக்கு இப்போ எப்படி இருக்கு?"

"பரவாயில்லை. உங்களை விசாரிச்சாங்கன்னு வெச்சுக்குங்க" என்று சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "ஏதாவது கேப்பாங்களா?"

கேட்கவில்லை. கொண்டாடினார்கள். இருபத்து மூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டு அடிகள். மருத்துவமனையின் வரலாற்றில் ஒரு நோயாளி ஒரே நாளில் நடந்த அதிகபட்ச தூரம். அறுவை சிகிச்சை முடிந்த ஏழாம் நாள். என் கட்டிலின் கம்பியில் தங்க நிற நட்சத்திரம் ஒன்றைக் கட்டினார்கள். பிசியோவின் பட்டியலில் என் பெயர் கடைசிக்குப் போயிற்று.

அன்று மாலை மகள் முகம் மலர்ந்து வந்தாள். நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்ட முகம். போனை என் கண்ணுக்கு முன் நீட்டினாள். 'வாழ்த்துகள். உங்கள் தாயார் நேற்று 23,418 அடிகள் நடந்தார்.'

"பதினஞ்சு கிலோமீட்டர்மா. கவுன்டர்ல எல்லாருக்கும் காட்டினேன். எங்க சூப்பர்வைசர் தன் சம்சாரத்துக்கு அனுப்பியிருக்கார். சமைக்கச் சொன்னா கால் வலிக்குதுன்னு சொல்வியே, அதெல்லாம் நடிப்பா?"

"அது வந்து..."

"கொஞ்சம் மெதுவாத்தான் நடயேன். யாரு துரத்தறா உன்னை?" அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சாதாரணமாகக் கை பிடிக்கிறவள் இல்லை. "அந்தக் கீழ் ரூமை வேணாம்னு சொல்லிட்டேன். அவங்ககிட்டயும் வேற ஆள் கேட்டுட்டு இருந்தாங்க. இவ்வளவு நடக்கறவளுக்குப் படி என்ன பெரிய விஷயம்?"

பக்கத்துக் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்த பம்பரத்தின் கை நின்றது. அவள் திரும்பவில்லை. கை மட்டும் நின்றது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள்.

அந்த ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அந்த நிமிடத்தை எத்தனையோ தடவை பிரித்துப் பிரித்துத் தைத்துப் பார்த்துவிட்டேன். பம்பரத்துக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். முழுக்க அப்படி இல்லை. என் மகள் என்னைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். தையல்காரியின் மகள் என்று சின்ன வயதில் தோழிகளிடம் சொல்லக் கூச்சப்பட்டவள். அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

"சரி" என்றேன். துணி மறுபடி துடைக்க ஆரம்பித்தது.

அடுத்த நாள் நடைவழியில் போன பிசியோவைக் கூப்பிட்டேன். "நான் நடக்கலைம்மா. நீ வந்து கூட்டிட்டுப் போனதுதான், அந்த நாலு அடி. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லை."

அவள் கட்டிலருகில் வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா லிஸ்ட்ல இல்லாதவங்களைத் தொட்டா என்னைக் கேள்வி கேப்பாங்கம்மா. நீங்க அலுவலர்கிட்ட சொல்லி எண்ணிக்கையைக் குறைச்சுட்டு வாங்க. அன்னிக்கே வந்துடறேன்."

அலுவலர் நாற்காலியோடு வந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். தலையை ஆட்டினார். இதற்கென்றே ஒரு துண்டுப் பிரசுரம் வைத்திருந்தார்: 'தன் முன்னேற்றத்தை நம்ப மறுக்கும் நோயாளிக்கு.'

"இது சகஜம்மா. வலியில இருக்கறவங்களுக்குத் தாங்க நடந்ததே மறந்துபோகும். கண்ணை மூடுங்க. ஞாயித்துக்கிழமையை நினைச்சுப் பாருங்க. கால் தரையில படற சத்தம் கேக்குதா?"

கண்ணை மூடினேன். கேட்டது. குழாயடிக்குப் போகிற ஈரத் தெரு, இடுப்பில் குடம், பஸ் வராத நிறுத்தம், அத்தை வீட்டுக்குப் போகிற நீண்ட சாலை. பம்பரத்தின் தெருவில் நான் நடந்துகொண்டிருந்தேன். கெண்டைக்கால் நிஜமாகவே வலித்தது. கண்ணைத் திறந்தபோது பாயின் மேல் கிடந்தேன். எனக்கு அழுகை வந்தது.

"பாத்தீங்களா, வருது" என்றார் அலுவலர்.

"நான் நடக்கலைங்க. பட்டை என் கால்ல இல்லை."

அவர் பேனாவை எடுத்தார். குரல் மாறவில்லை. "அப்படியா. உங்க கால்ல இல்லைன்னா யார் கால்ல இருந்தது? பேரைச் சொல்லுங்க. விசாரிச்சு நடவடிக்கை எடுக்கறேன். உங்க எண்ணிக்கையும் பூஜ்யம்னு திருத்திடலாம். ஒரு வாரம் பூஜ்யம். அதுக்கு அப்புறம் எங்க அனுப்பணும்னு விதியில இருக்கு."

பேனா தாளின் மேல் காத்திருந்தது. வார்டின் மறுமூலையில் பம்பரம் ஏழாம் கட்டிலுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். நான் துண்டுப் பிரசுரத்தை மடித்தேன்.

"எனக்குத்தான் மறந்துபோச்சு போல."

"அவ்வளவுதான். நம்பிக்கைதான் முதல் அடி" என்று அவர் என் நட்சத்திரத்தை நேராக்கிவிட்டுப் போனார்.

ஆகவே நானே நடந்துவிடுவது என்று தீர்மானித்தேன். புதன்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிட்ட களைப்பில் இருக்கும்போது, கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தேன். ஒரு கால் தரையில் பட்டதும் பாய் அலறியது. நான்கு பேர் ஓடி வந்து என்னைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். வீழ்ச்சித் தடுப்பு நர்ஸ் மூச்சிரைக்க வந்து, கதவில் இருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். 219 பிழைத்திருந்தது.

"என்னம்மா இப்படி? விழுந்திருந்தா?"

"நடக்கணும்மா. வீட்டுல நாப்பத்திரெண்டு படி."

"நடக்கறது வேற டிபார்ட்மென்ட். நான் விழறதுக்குத்தான்." கட்டிலின் இருபக்கமும் தடுப்புக் கம்பிகளை ஏற்றிப் பூட்டினாள். கால்மாட்டுக் கிளிப்பில் ஒரு தாளைச் செருகினாள்: 'எக்காரணம் கொண்டும் நிற்க அனுமதிக்கக் கூடாது.' அதே கிளிப்பில் ஏற்கெனவே இருந்த தாள் சொன்னது: 'இன்று இதுவரை 6,112 அடிகள். மிகச் சிறப்பு.' இரண்டு தாள்களும் சண்டை போடாமல் ஒன்றாகத் தொங்கின.

"உங்களைக் கூண்டுல வெச்சே ஓட விடறாங்க" என்றாள் டீச்சர். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் போட்ட இடம் வலித்தது. இரண்டு பேரும் வலிக்க வலிக்கச் சிரித்தோம். அன்று முழுவதும் என் உடம்பு செய்த உடற்பயிற்சி அதுதான்.

பன்னிரண்டாம் நாள் பாராட்டு விழா. வார்டுக்கு வெளியே நோயாளிகள் நடக்க அனுமதி இல்லை என்பதால் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேடைக்கு மூன்று படிகள் இருந்தன. நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். மருத்துவமனை இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே, புள்ளிவிவரங்கள் உணர்ச்சியற்றவை என்பார்கள். நான் அவற்றைப் படித்துக் கண்ணீர் விட்டிருக்கிறேன். போன வருடம் இந்த மருத்துவமனையில் நான்கு பிசியோக்கள் இருந்தார்கள். நோயாளிகள் நாளொன்றுக்குச் சராசரியாக எண்பது அடிகள் நடந்தார்கள். இந்த வருடம் ஒரே ஒரு பிசியோ. சராசரி ஒன்பதாயிரம் அடிகள். நோயாளியின் காலுக்குத் தடையாக இருந்தது யார் என்று இப்போது புரிகிறதல்லவா? அடுத்த வருடம் ஒருவர்கூட இல்லாமல் இன்னும் உயரத்தைத் தொடுவோம் என்று உறுதி கூறுகிறேன்."

முன் வரிசையில் பிசியோ கை தட்டினாள். எல்லோரும் தட்டும்போது அவள் மட்டும் தட்டாமல் இருக்க முடியாது.

"எங்கள் நோயாளிகள் எழுந்து நடக்கிறார்கள். அதே சமயம் இருநூற்று இருபத்தொரு நாட்களாக எவரும் எழுந்திருக்கவும் இல்லை. உலகில் வேறெங்கும் இந்த இரண்டையும் ஒருசேரச் சாதித்ததில்லை" என்று முடித்து, என்னிடம் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

ஒலிவாங்கி என் வாய்க்கு நேரே வந்தது. அரங்கின் பின்கதவருகே பம்பரம் நின்றிருந்தாள். காலில் பன்னிரண்டு பட்டைகள் அழுத்துவதால், ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை கெஞ்சவில்லை. நீ எதைச் சொன்னாலும் அது சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல், களைத்துப்போய் இருந்தது.

"எனக்கு நடக்கணும்" என்றேன்.

இயக்குநர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். "கேட்டீர்களா. இத்தனை நடந்தும் அடங்கவில்லை. இதுதான் தாகம்." அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. எழுந்து நிற்காதவள் நான் ஒருத்திதான்.

பதினான்காம் நாள் டிஸ்சார்ஜ். வீட்டுக்குப் போகும் முன் படியேறும் தேர்வு ஒன்று உண்டு. ஐம்பதாயிரம் அடிகளுக்கு மேல் நடந்தவர்களுக்கு அதிலிருந்து விலக்கு. டீச்சர் என் தலையைத் தடவி, "விலக்கு குடுத்துப் பாஸ் பண்ணின பிள்ளைங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். பாவம், அடுத்த வகுப்புலதான் தெரியும்" என்றாள். பம்பரம் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் ஆம்புலன்சில் ஏறிய பிறகு என் பாதத்தைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தாள். "நீங்க சொல்லியிருக்கலாம் தையலம்மா" என்றாள்.

"நீயும்தான்" என்றேன். கதவைச் சாத்திவிட்டார்கள்.

எங்கள் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ்காரர்கள் என்னை இறக்கி, வாக்கரைக் கையில் கொடுத்து, படிக்கட்டு வரை கூட வந்தார்கள். மேலே தூக்கிப்போகச் சொன்னாள் மகள். அவர்களில் மூத்தவர் சீட்டைக் காட்டினார்.

"'தானே நடப்பவர்'னு போட்டிருக்கும்மா. இவங்களைத் தூக்கக் கூடாது. தூக்கினா பழக்கம் கெட்டுடும்னு எங்களுக்கே வகுப்பு எடுத்தாங்க."

அவர்கள் போய்விட்டார்கள். மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று ஏழெட்டுப் படி ஏறித் திரும்பினாள்.

"வாம்மா."

நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். தொடை பழைய துணிபோல் தொளதொளத்தது. நிற்பதற்கே உடம்பு ஆடியது.

"என்ன, வலிக்குதா?"

"நான் நடக்கலைடி."

"என்னது?"

"ஒரு நாளும் நடக்கலை. பட்டையை அந்த ஆயா கட்டிட்டு நடந்தா. பாவம், வேற வழியில்லை அவளுக்கு. ஞாயித்துக்கிழமை கழட்ட மறந்து வீட்டுக்குப் போயிட்டா. நான் நடந்தது நாலு அடி. திரும்பி வந்ததையும் சேத்தா எட்டு."

அவள் மேலேயே நின்றாள். பேருந்து ரத்தாகிவிட்டதைக் கேட்கும் பயணிகளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த ரூம்ல வேற ஆள் வந்தாச்சும்மா" என்றாள் மெதுவாக.

"தெரியும்."

"நான் சொன்னப்ப ஏன் பேசாம இருந்தே?"

சொல்வதற்கு என்னிடம் பல பதில்கள் இருந்தன. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்தது. "நீ சந்தோஷமா இருந்தே" என்றேன்.

அவள் பையை அந்தப் படியிலேயே வைத்தாள். இறங்கி வந்தாள். வாக்கரை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்தாள். என் வலக்கையை எடுத்துக் கைப்பிடியில் வைத்து, இடக்கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் தோள் எலும்பு என் உள்ளங்கையில் குத்தியது. இளைத்திருக்கிறாள். இந்த இரண்டு வாரமும் அதை நான் கவனிக்கவில்லை.

"சரி. எந்தக் காலை முதல்ல வைக்கணும்? நல்ல காலா, ஒடஞ்ச காலா?"

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள். நான் வலது காலைத் தூக்கினேன். இடது கால் தாங்காமல் நடுங்கியது. வலது காலைக் கீழே வைத்துவிட்டு, இடது காலைத் தூக்கப் பார்த்தேன். அது தரையை விட்டு எழவில்லை. மறுபடி வலது காலைத் தூக்கினேன்.